ஜே.பி. ஐயா சீல் வைத்த வாய்

எனக்கு வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரியும். படிப்பில் சுமார், கிரிக்கெட்டில் பந்து பொறுக்குகிற ஆள், கல்யாண வீட்டில் அண்டா தூக்கக்கூட யாரும் என்னை நம்பிக் கூப்பிட்டதில்லை. ஆனால் ஒரு விஷயத்தைச் சொல்லாதே என்றால் சொல்ல மாட்டேன். என்னிடம் இருந்த அந்த ஒரே நல்ல குணத்தை வைத்துக்கொண்டு இருபத்தைந்து வயதில் நான் செய்த கேவலத்தைத்தான் இங்கே எழுதப்போகிறேன். கம்பனியின் பெயரை எழுத மாட்டேன். தேயிலைத் தோட்டத்தின் பெயரையும் எழுத மாட்டேன், தெமோதரைக்கு மேலே என்று வைத்துக்கொள்ளுங்கள். மரியாதையெல்லாம் ஒன்றும் கிடையாது, கையெழுத்துப் போட்டுத் தொலைத்திருக்கிறேன்.

பதுளையில் ஒரு கம்பியூட்டர் வகுப்பில் வெப்சைட் செய்யக் கற்றுக்கொண்டேன். ஒரு புடவைக் கடைக்கும், ஒரு கல்யாண மண்டபத்துக்கும், பசறையில் ஒரு பல் டாக்டருக்கும் செய்துகொடுத்தேன். (வெப்சைட்டில் சிரித்த வெள்ளைக்காரியின் பல்லைப் பார்த்துவிட்டு வந்தவர்கள், டாக்டர் சிரித்ததைப் பார்த்ததும் எழுந்து போனதாகக் கேள்வி.) வீட்டிலிருந்தே வேலை. வீடு என்றால் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்தில் ஒரே அறை, ஒரு காம்பரா. அதற்குள் அப்பா, அம்மா, நான், என் மடிக்கணினி, மழை பெய்தால் கோழிகள்.

அப்போதுதான் கொழும்பிலிருந்து ஷெஹான் என்பவன் மின்னஞ்சல் அனுப்பினான். பெரிய ஹோட்டல் கம்பனி ஒன்றுக்கு வெப்சைட் செய்துகொடுக்கும் நிறுவனத்தில் அவன் மெனேஜர். வேலை பெரிது, விவரம் பிறகு, முதலில் இந்த இரகசியக்காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடு என்று ஆறு பக்கம் இணைத்திருந்தான். அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு, போனில் படம் பிடித்து அனுப்பினால் போதும் என்றும் எழுதியிருந்தான்.

கொழும்பில் அது ஐந்து நிமிட வேலை. தோட்டத்தில் பிறந்தவனுக்கு அப்படி முடியாது. எங்களுக்குக் கடுதாசி என்றால் அதில் வட்டமாக ஊதா நிறத்தில் ஒரு சீல் இருக்க வேண்டும். பிறப்புப் பதிவில் பெயர் பிழை, அடையாள அட்டை, பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்ப்பது, எதற்குப் போனாலும் "ஜே.பி.கிட்ட சீல் வச்சிட்டு வா" என்று எங்களைத் திருப்பி அனுப்பியே பழக்கிவிட்டார்கள். சீல் இல்லாத என் கையெழுத்தைக் கொழும்பில் எவன் மதிப்பான் என்று நானே கேள்வி கேட்டு, நானே பதில் சொல்லிக்கொண்டேன். அத்தோடு, சீல் வைக்கப் போனால் நாலு பேர் பார்ப்பார்களே என்ற ஆசையும் இருந்தது. பொய் சொல்வானேன்.

பதுளைக் கடைத்தெருவில் ஒரு முஸ்லிம் நானாவின் போட்டோ கொப்பிக் கடையில் அச்செடுத்தேன். நானா கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பக்கத்தைப் படித்தார்.

"தம்பி, ரகசியம்னு போட்டிருக்கே. ரெண்டு கொப்பி போதுமா, மூணு எடுக்கவா?"

"மூணா எடுங்க நானா."

அதில் ஒன்று மெஷினில் சிக்கிக் கசங்கியது. பின்பக்கம் வெறுமையாக இருக்கிறது, ஏதாவது எழுத உதவும் என்று நானா அதை வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை ஜே.பி. ஐயா வீட்டுக்குப் போனேன். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், சமாதான நீதவான். வாசலில் ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். எங்கள் தோட்டத்துச் சங்கத் தலைவரும் யாருக்கோ கடிதம் வாங்க வந்து நின்றார்.

"என்னா தம்பி இது?"

"ஒப்பந்தம்ங்க ஐயா."

"என்னத்துக்கு?"

"அத சொல்லக்கூடாதுங்க."

"ஏன் சொல்லக்கூடாது?"

"சொல்லக்கூடாதுங்கிறதுதாங்க ஒப்பந்தமே."

ஐயா கடுதாசியைக் கையில் வாங்கிக்கொண்டார். "படிக்காம நான் சீல் வைக்கிறதில்ல" என்றார். பிறகு ஆறு பக்கத்தையும், ஐந்தாம் வகுப்புக்குப் பாடம் நடத்துகிற அதே குரலில், முதலில் ஆங்கிலத்திலும் பிறகு தமிழிலுமாக வாசலுக்குக் கேட்கும்படி வாசித்தார். இப்படி ஓர் ஒப்பந்தம் இருப்பதையே எவருக்கும் தெரிவிக்கக்கூடாது என்று நாலாவது பிரிவு சொன்னது. வாசலில் நின்ற அத்தனை பேரும் தலையாட்டினார்கள். சாட்சி யார் என்று ஐயா கேட்க, தலைவர் முன்வந்து நீட்டி நெளித்து ஒரு கையெழுத்துப் போட்டார். ஊதா சீல் விழுந்தது.

படத்தைப் பார்த்த ஷெஹான், அந்த வட்டம் என்ன என்று கேட்டிருந்தான். எங்கள் ஊர் வழக்கம் என்று பெருமையாகப் பதில் போட்டேன்.

நான் வீடு போய்ச் சேருமுன் செய்தி சேர்ந்துவிட்டது. பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போய்வந்த அம்மா, குடத்தை இறக்கி வைக்காமலேயே கேட்டாள்.

"என்னாடா, ஏதோ கெவர்மெண்டு ரகசியமாம்ல?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா."

"பாத்தியா, எங்கிட்டயே சொல்ல மாட்டேங்குது" என்று அம்மா பக்கத்துக் காம்பராப் பக்கம் திரும்பி மகிழ்ந்துபோய்ச் சொன்னாள்.

இத்தோடு நின்றிருந்தால் இது வெறும் கூத்து. ஆனால் ஐயா வாசித்ததில் ஒன்பதாவது பிரிவு என்று ஒன்று இருந்தது. வேலை செய்கிற இடம் கதவு பூட்டக்கூடிய தனி அறையாக இருக்க வேண்டும், கணினித் திரை பிறர் கண்ணில் படக்கூடாது. எங்கள் லயத்தில் காம்பராவுக்குக் காம்பரா இருக்கிற சுவர் கூரை வரைக்கும்கூடப் போகாது. பக்கத்து வீட்டு அக்கா இருமினால் எங்கள் அம்மா சுக்குத் தண்ணீர் வைப்பாள். அங்கே தனி அறைக்கு எங்கே போவது? நான் அந்தப் பிரிவை அப்போதே மறந்துவிட்டேன். தலைவர் மறக்கவில்லை, அப்பாவிடம் போய்ச் சொல்லிவிட்டார்.

அப்பா அந்த மாதம்தான் தோட்டத்தில் பேர் வெட்டி வேலையை விட்டு நின்றிருந்தார். முப்பத்தெட்டு வருஷ வேலைக்கான சேவைக்காலப் பணம் கைக்கு வந்திருந்தது. அவர் வாழ்நாளில் மொத்தமாகப் பார்த்த பணம் அது ஒன்றுதான், இனிமேல் வருவதற்கும் எதுவும் இல்லை.

"தம்பிக்கு ஒரு ஆபிசு கட்டணும்" என்றார் அப்பா. "இஸ்தோப்புத் திண்ணைய எடுத்திட்டு முன்னுக்கு ஒரு ரூமு எறக்கிருவோம். டைலு போட்டு, பூட்டுற கதவு வச்சு."

"வேணாம்பா, ஒரு திரைச்சீல கட்டினா போதும்."

"சீல் வச்ச வேலடா. திரைச்சீலையில நடக்குமா?"

லயம் தோட்டத்துக்குச் சொந்தம். அதனால் அப்பா தோட்டத்து மெனேஜர் துரையிடம் போய் அனுமதி கேட்டார். துரை ஜீப்பை நிறுத்தாமலேயே "கட்டிக்க, கட்டிக்க" என்று கையை ஆட்டிவிட்டுப் போனார். எழுதித் தரவில்லை, நாங்களும் கேட்கவில்லை. (சீல் பைத்தியம் பிடித்த குடும்பம், சீல் கேட்டிருக்க வேண்டிய ஒரே இடத்தில் கேட்காமல் வந்தது.)

அத்திவாரம் வெட்டிக்கொண்டிருந்த சமயம் ஒரு படப்பிடிப்பாளர் வந்தார். கலண்டருக்கு என்று சொல்லி மலையை எடுத்தார், கோயிலை எடுத்தார், எங்கள் லயத்தையும் எடுத்தார். அப்பா உள்ளே ஓடி வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, எங்கள் நீலக் கதவுக்கு முன்னால் ஸ்டூலில் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தார். படம் எப்போது கிடைக்கும் என்று இரண்டு தடவை கேட்டார். அனுப்புகிறேன் ஐயா என்று சொல்லிவிட்டு அந்த ஆள் போனார். அதற்குப் பிறகு தபால்காரர் வரும்போதெல்லாம் அப்பா எழுந்து நிற்பார்.

கல் இறங்கிய அன்று ஷெஹான் வேலையை அனுப்பினான். லொறியிலிருந்து கல்லை இறக்குகிற சத்தம் வெளியே கேட்டுக்கொண்டிருக்க, நான் கோப்பைத் திறந்தேன். முதல் படத்தில் நீலக் கதவு. கொடியில் அம்மாவின் துணி, ஓரத்தில் மண் குவியல், நடுவில் வெள்ளைச் சட்டையில் அப்பா.

அடுத்த பக்கத்தில் வரைபடம் இருந்தது. எங்கள் தோட்டத்து பங்களா ஹோட்டலாகிறது. எங்கள் லயம் பழுது பார்க்கப்பட்டு, தேயிலைத் தொழிலாளி எப்படி வாழ்ந்தான் என்று வெளிநாட்டுக்காரர்கள் காசு கொடுத்துத் தங்கிப் பார்க்கிற இடமாகிறது. குடியிருப்பவர்கள் தோட்டத்தின் கீழ் டிவிஷனுக்கு மாற்றப்படுவார்கள். பிறகு கட்டிய சேர்க்கைகள் எல்லாம் இடிக்கப்படும். அப்பா அத்திவாரம் வெட்டியிருந்த இடத்தில் ஒரு பூந்தொட்டி வரைந்திருந்தது.

நான் வெளியே எட்டிப் பார்த்தேன். அப்பா கல்லை எண்ணி எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தார். அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அதே லொறியில் கல் திரும்பிப் போயிருக்கும், அப்பாவின் பணமும் அப்படியே இருந்திருக்கும்.

நான் சொல்லவில்லை. மீறினால் நட்டஈடு, வழக்கு என்று ஐந்தாம் பக்கத்தில் போட்டிருந்தது உண்மை. பயந்தது உண்மை. ஆனால் முழுக்காரணம் அது கிடையாது. கொழும்பில் ஒருவன் என்னை நம்பி ஒரு இரகசியத்தைக் கொடுத்திருக்கிறான், தோட்டத்துப் பையன் என்றால் வாய் நிற்காது என்று அவன் நினைத்துவிடக்கூடாது என்று இருந்தது. இந்த ரோஷத்தை இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

இரண்டு நாள் கழித்து ஷெஹான் போனில் பேசினான். முதல் பக்கத்துக்கு அந்த நீலக் கதவுப் படம்தான் என்று முடிவாகிவிட்டதாம். "துணியை எடுத்துவிடு. மண் குவியலை எடுத்துவிடு. அந்தக் கிழவரையும் எடுத்துவிடு. ஆள் நடமாட்டம் இல்லாமல் அமைதியாக இருக்க வேண்டும்."

நான் "ஓகே" என்றேன். என் வாயிலிருந்து அது அவ்வளவு சுலபமாக வந்தது.

வாயைத் திறக்காமலே அப்பாவைத் தடுத்துவிடலாம் என்று பிறகு சில முயற்சிகள் செய்தேன். "டைல் இப்ப வேணாம்பா, கொஞ்சம் பொறுத்துப் போடலாம்" என்றேன். கையில் காசு இருக்கும்போதே போட்டுவிட வேண்டும் என்று அப்பா மறுநாளே பதுளைக்குப் போய் டைல் எடுத்து வந்தார். "கீழ் டிவிஷன் பக்கம் வீடுகள் நல்லாத்தான் இருக்கும் போல" என்று ஒருநாள் சாப்பிடும்போது சொல்லிப் பார்த்தேன். அப்பாவும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா கீழ் டிவிஷனுக்குப் போய், அங்கே எத்தனை வீட்டில் கல்யாண வயதில் பெண் இருக்கிறது என்று விசாரித்துவிட்டு வந்தாள். மூன்று வீடாம். அதில் ஒன்றின் ஜாதகமும் கேட்டாயிற்றாம். (எவ்வளவு பெரிய உண்மையையும் எங்கள் வீட்டில் கல்யாணப் பேச்சாக மாற்றிவிடலாம்.)

பாதி சுவர் எழும்பியிருந்தபோது அப்பாவை அழித்தேன். இரண்டு மணி நேரம் பிடித்தது. முதலில் காலையும் ஸ்டூலையும் எடுத்தேன். பக்கத்துச் சுவரிலிருந்து காரையை வெட்டிக் கொண்டுவந்து ஒட்டினேன். நெஞ்சு இருந்த இடத்துக்கு நீலக் கதவை நீட்டிவிட்டேன். முகத்தைக் கடைசியாகத்தான் எடுத்தேன். அதை எடுத்துக்கொண்டிருந்தபோது தோளுக்குப் பின்னால் சத்தம் கேட்டது. அப்பா தேத்தண்ணியோடு நின்றார், கையெல்லாம் சிமெந்து. நான் படாரென்று கணினியை மூடினேன்.

"ரகசியமா? சரி சரி, நா பாக்கல" என்று அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு, கோப்பையைத் தரையில் வைத்துவிட்டுப் பின்பக்கமாகவே நடந்து போனார். வெளியே போய் மேசனிடம், "உள்ள போயிராதீங்க, தம்பி ரகசிய வேல செய்யுது" என்று சொன்னதும் கேட்டது.

ஷெஹான் அந்தப் படத்தைப் பார்த்துப் பாராட்டி எழுதினான். ஆள் இருந்த தடமே தெரியவில்லையாம்.

அறை முடிந்தது. வெள்ளை டைல், பூட்டுகிற கதவு, ஒரு மேசை. பால் காய்ச்சினோம். ஜே.பி. ஐயா வந்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, ஒன்பதாவது பிரிவு நிறைவேறிவிட்டது என்று அறிவித்தார். அந்த அறைக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு, அந்த அறையே இல்லாத படத்துக்குக் கீழே, "அவர்கள் வாழ்ந்தபடி வாழ்ந்து பாருங்கள்" என்ற வரியை ஆங்கிலத்தில் எழுதி, முன்பதிவு செய்கிற பொத்தானை வைத்தேன். பொத்தான் அழகாக வந்திருந்தது.

தீபாவளிக்குச் சாமான் வாங்கிக்கொண்டு அப்பா, அம்மா, நான் மூவரும் பதுளையிலிருந்து பஸ்ஸில் வந்து தோட்டத்துச் சந்தியில் இறங்கினோம். சந்தியில் கூட்டம். புதிதாக ஒரு பெரிய விளம்பரப் பலகை நின்றது. அன்று காலை வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில் துரை விஷயத்தைச் சொல்லியிருந்தார், மூன்று மாதத்தில் லயத்தைக் காலி செய்ய வேண்டும். தலைவர்தான் எங்களிடம் வந்து சொன்னார். அப்பா அதைக் காதில் வாங்கினாரோ இல்லையோ, பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நம்ம கதவு" என்றார்.

"ஆமாங்க, நம்ம வீடுதான்" என்றாள் அம்மா.

"ஒன் துணியக் காணோம். மண்ணையும் காணோம்." கொஞ்சம் கிட்டே போனார். "என்னயவும் காணோமே. அன்னிக்கு நா வாசல்லதானே உக்காந்திருந்தேன்?"

தலைவர் என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, அன்னிக்கு ஐயா வீட்ல சாட்சிக்குக் கையெழுத்து வச்சது நாந்தானே. அந்த ஒப்பந்தம் இதுக்கா?"

கொழும்புக்காரன் சொன்னபடி வீட்டில் உட்கார்ந்து ஐந்து நிமிடத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால், எனக்கு ஒன்றும் தெரியாது என்று அந்த இடத்தில் சத்தியம் பண்ணியிருப்பேன். நான்தான் வாசலில் எல்லோருக்கும் கேட்க வாசிக்கவைத்து, சாட்சி வைத்து, சீல் வைத்துவிட்டு வந்தவனாயிற்றே. தலையைக் குனிந்தேன்.

அப்பா கேட்டார். "கல்லு எறங்கின அன்னிக்குத் தெரியுமா?"

"தெரியும்பா."

"சிமெந்து பூசுறப்ப?"

"தெரியும்."

"டைலு?"

"தெரியும்பா."

அப்பா சாமான் பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். "கையெழுத்துப் போட்டா காப்பாத்தத்தானே வேணும்" என்று சொல்லிவிட்டு மேட்டில் ஏற ஆரம்பித்தார். கோபமாகச் சொன்னாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. அம்மாதான் அந்த மேடு முழுக்க என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள். திட்டத் திட்ட எனக்கு அது ஆறுதலாக இருந்தது.

எழுத்தில் அனுமதி இல்லாத கட்டடத்துக்கு நட்டஈடு இல்லை என்று தோட்டத்து ஆபிசில் சொன்னார்கள். தலைவர் இரண்டு தடவை போய்ப் பேசினார், ஜே.பி. ஐயா சீல் வைத்து ஒரு கடிதமும் எழுதினார். ஒன்றும் நடக்கவில்லை. காலி செய்கிற வாரம் அப்பா ஒரு உளியை வைத்துக்கொண்டு டைலை ஒவ்வொன்றாகப் பெயர்த்தார். நானும் பெயர்த்தேன். உடையாமல் வந்தது ஒன்பது. கீழ் டிவிஷன் காம்பராவில் தண்ணீர்க் குடத்துக்கு அடியில் இன்றைக்கும் அந்த ஒன்பதும் இருக்கின்றன. மேலே, எங்கள் பழைய வீட்டில், வெள்ளைக்காரர்கள் தங்கிவிட்டு அமைதியான இடம் என்று வெப்சைட்டில் எழுதுகிறார்கள். நான் செய்ததிலேயே நேர்த்தியான வேலை அதுதான். ஆனால் அதை நான்தான் செய்தேன் என்று வெளியே சொல்லக்கூடாது. அதற்கும் ஒரு பிரிவு இருந்தது.

வீட்டில் மட்டும் இது கதையாக நின்றுவிட்டது. கறியில் உப்பு சரியா என்று அம்மா கேட்டு நான் பதில் சொல்லத் தாமதித்தால், அப்பா பக்கம் திரும்பி, "கேக்காதீங்க, தம்பி கையெழுத்துப் போட்டிருக்கும்" என்பாள். பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளை என்ன வேலை என்று கேட்டதற்கும் கூட வந்த மாமா அதையே சொல்லிவைத்தார். பெண் வீட்டார் என்னை ஏதோ களவு கேஸில் மாட்டியவன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

போன வருஷம் அரிசி டின்னுக்குப் பின்னால் ஒரு கிளினிக் கொப்பி கிடைத்தது. பதுளை ஆஸ்பத்திரியில் அப்பாவின் பெயருக்குப் போட்டது. இருதயக் கிளினிக். ஏழு மாதமாகப் போய்வந்திருக்கிறார். சந்தைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனதெல்லாம் அங்கேதான். கொப்பியை நீட்டி, ஏன் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று சத்தம் போட்டேன்.

அப்பா கொப்பியை வாங்கி, மடித்து, சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"எங்க தம்பி சொல்றது" என்றார். "நானும் கையெழுத்துப் போட்டுட்டேன்ல."

அம்மா முதலில் சிரித்தாள், சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அப்பாவும் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. அடுத்த கிளினிக்குக்கு நான்தான் அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். போகிற பஸ் அந்தச் சந்தியில் நின்று ஆள் ஏற்றிக்கொண்டுதான் போகும். அப்பா எப்போதும் பலகை இருக்கிற பக்கத்து ஜன்னலில்தான் உட்காருவார்.